கலர் வேஸ்ட்டில் வளர்ந்த காளான்: படுக்கைப் பொருளும் தாது உப்புகளும் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

காங்கயம் வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய சிப்பிக் காளான் பண்ணையில் 2022 முதல் 2024 வரை நடந்ததை, குறிப்பாகக் கலர் வேஸ்ட் என்கிற சாயத் துணிக் கழிவை வைக்கோலோடு கலந்து காளான் வளர்த்தபோது ஆனதை, இங்கே பதிவு செய்கிறேன். பண்ணைக்காரர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் சேர்க்கவில்லை. காளான் பண்ணைகளுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். இந்தப் பண்ணைக்கு நான் சொன்ன ஓர் ஆலோசனையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றைக் கேட்காமல் விட்டேன். இந்தப் பதிவுக்கு அதுவும் ஒரு காரணம்.

பண்ணையும் ஆட்களும்

பண்ணையை நடத்துவது ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மாவும் அவருடைய மகனும். மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, கொரோனாவுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பியவர். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் காளான் பயிற்சிக்குப் போய்வந்து, 2022 புரட்டாசியில் தென்னந்தோப்புக்குள் கீற்றுக் குடில் போட்டுத் தொடங்கினார்கள். ஒரு சுற்றுக்கு 300 படுக்கை. வளர்த்தது ப்ளோரிடா என்கிற வெள்ளைச் சிப்பிக் காளான்.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோபி பக்கம் வாய்க்கால் பாசனத்தில் விளைந்த நெல் வைக்கோலை வாங்கி, இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நாலு மணி நேரம் ஊறவைத்து, முக்கால் மணி நேரம் கொதிநீரில் வேகவைப்பார்கள். ஈரம் வடிந்ததும் பாலித்தீன் பையில் வைக்கோலும் காளான் விதையும் மாறி மாறி அடுக்கி உருளையாகக் கட்டுவார்கள். இதுதான் படுக்கை. ஒரு படுக்கைக்குக் காய்ந்த வைக்கோல் அரைக் கிலோ. மூன்று பறிப்பும் சேர்த்து ஒரு படுக்கைக்குச் சராசரியாக 450 கிராம் காளான் கிடைத்தது. முதல் ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை.

சித்திரையில் வைக்கோல் கிடைக்கவில்லை

கோடை வந்ததும் வைக்கோல் விலை ஏறியது. காங்கயம் மாட்டு ஊர். தட்டுப்போரும் வைக்கோல்போரும் தீர்ந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கோபிக்கும் தாராபுரத்துக்கும் வண்டி அனுப்புகிற மாதம் அது. 2023 சித்திரையில், காசு கொடுத்தாலும் நல்ல வைக்கோல் கிடைக்காத நிலை.

மகன் எனக்குப் போன் செய்தார். "ஏனுங்ணா, மில்லு வேஸ்ட் பஞ்சு போட்டா காளான் வருமுங்களா?" என்று கேட்டார். வரும் என்றேன். நூற்பாலைக் கழிவுப் பஞ்சு கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ். சிப்பிக் காளான் அதை நன்றாகவே சாப்பிடும். வைக்கோலோடு பாதிக்குப் பாதி கலந்து போடச் சொன்னேன். எங்கே வாங்குகிறார், என்ன பஞ்சு, வெள்ளையா சாயம் போட்டதா என்று கேட்கவில்லை.

முதல் இரண்டு சுற்றுக்கு வெள்ளைப் பஞ்சுதான் வந்தது. இலைத்துணுக்கும் கொட்டை ஓடும் கலந்த அழுக்குப் பஞ்சு. விளைச்சல் ஒரு படுக்கைக்கு 600 கிராமைத் தொட்டது. குடை தடிமனாக, விரலால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது. ஆனி மாதம் அந்தப் பஞ்சும் விலை ஏற, ஒரு வேஸ்ட் வியாபாரி பனியன் கட்டிங் கழிவைப் பாதி விலைக்குக் கொண்டுவந்து இறக்கினார். திருப்பூரில் இதைக் கலர் வேஸ்ட் என்பார்கள். வெட்டு மேசையில் மிஞ்சுகிற சாயத் துணித் துண்டுகளைக் கிழித்துப் பஞ்சாக்கியது. மகனுக்கு அது எட்டு வருடம் கையில் புரண்ட பொருள் என்பதால் புதிதாக யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. விளைச்சலும் குறையவில்லை.

தண்டின் அடியில் ஒரு நூல்

முதலில் கண்டுபிடித்தது அந்த அம்மா. ஆவணியில் ஒரு நாள் விடியற்காலையில் காளானைப் பறித்து அடித்தண்டை நறுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு தண்டின் உள்ளே நீலப்பச்சை நூல் ஒன்று ஓடியிருந்தது. மேலே ஒட்டியிருந்தால் தட்டிவிடலாம். இது சதைக்குள் இருந்தது. காளான் நூலைச் சுற்றி வளர்ந்து அதை விழுங்கிவிட்டிருந்தது. இன்னும் பத்துத் தண்டை நறுக்கிப் பார்த்திருக்கிறார். இரண்டில் இருந்தது.

அடுத்த வாரம் நான் போனபோது, அறுவடை முடிந்த ஒரு படுக்கையைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். உள்ளே இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. லைக்ராவும் பாலியஸ்டரும் கொஞ்சமும் மட்காமல் அப்படியே சுருண்டு கிடந்தன. பருத்தித் துணியில் காளானின் பூசண இழை வெள்ளையாகப் படர்ந்த இடங்களில் மட்டும் சாயம் வெளுத்திருந்தது. நீலப்பச்சைத் துண்டு ஒன்றில், இழை போன பாதை நெடுகத் திட்டுத் திட்டாக வெளிறியிருந்தது.

இரண்டாவது விஷயத்தில்தான் எனக்கு உறுத்தல் தொடங்கியது. சிப்பிக் காளான் இனங்கள் மரத்தின் லிக்னினை உடைக்கக் கூடிய நொதிகளைச் சுரப்பவை. அதே நொதிகள் சாய மூலக்கூறுகளையும் உடைக்கும். சாயக் கழிவுநீரை நிறம் நீக்க இந்த வகைப் பூசணங்களைப் பயன்படுத்திப் பார்க்கிற ஆராய்ச்சிகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. பருத்திக்கு ஏற்றுகிற ரியாக்டிவ் வகைச் சாயங்களில் நீலப்பச்சை சிலவற்றில் மூலக்கூறின் நடுவிலேயே தாமிர அணு உட்கார்ந்திருக்கும். சாயம் உடைந்தால் அந்தத் தாமிரம் எங்கேயாவது போயாக வேண்டும்.

அம்மா அன்றைக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, இந்த நொய்யத் தண்ணியில சாயம் வந்தப்ப நாங்க பட்டது கொஞ்சநஞ்சமில்லீங்க. அதையே நான் பொட்டலம் போட்டு விக்கறேனுங்களா?" 1992-இல் நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாயக் கழிவு தேங்கியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்து வளர்ந்த பகுதி இது. அவருக்கு நான் வேதியியல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடைக்காரர் கேட்ட அறிக்கை

இதே நேரத்தில் கோவையில் ஓர் இயற்கை அங்காடிக்காரர் வாரம் 40 கிலோ எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பாக்கெட்டில் "இரும்புச்சத்து நிறைந்தது" என்று போட வேண்டும், அதற்கு ஆய்வக அறிக்கை வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். மகன் இரண்டு மாதிரி கொண்டுபோய் ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தார். ஒன்று, அப்போது கொஞ்சமாகக் கிடைத்த வைக்கோலில் போட்ட படுக்கையின் காளான். இன்னொன்று கலர் வேஸ்ட் கலந்த படுக்கையின் காளான்.

அறிக்கை வந்தது. 100 கிராம் காளானில் இருந்த அளவுகள் இவை:

வைக்கோல்: இரும்பு 0.8 மி.கி., தாமிரம் 0.10 மி.கி., பொட்டாசியம் 220 மி.கி.

கலர் வேஸ்ட் கலப்பு: இரும்பு 1.2 மி.கி., தாமிரம் 0.39 மி.கி., பொட்டாசியம் 260 மி.கி.

மகனுக்கு ஒரே சந்தோஷம். விளைச்சலும் கூடுகிறது, இரும்பும் ஒன்றரை மடங்கு. லேபிள் அச்சடிக்க டிசைன்கூடப் போட்டுவிட்டார். அம்மா மட்டும் "தம்பி வந்து பாக்கட்டும் கண்ணு" என்று நிறுத்தி வைத்திருந்தார்.

ஈரத்தைக் கழித்துப் பார்த்தபோது

அறிக்கையின் கடைசி வரியில் ஈரப்பதம் இருந்தது. வைக்கோல் காளான் 92 சதவீதம், கலர் வேஸ்ட் காளான் 87 சதவீதம். எதனால் இந்த வித்தியாசம் என்று கேட்டேன். வைக்கோல் படுக்கையில் விடிகாலையில் தண்ணீர் தெளித்த கையோடு பறித்திருக்கிறார்கள். மற்றது முந்தின நாள் சாயங்காலம் பறித்தது, குடை மேல் ஈரமே இல்லை.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். கணக்குப் போட்டால்தான் புரியும். 92 சதவீத ஈரம் என்றால் 100 கிராமில் உலர்ந்த பொருள் 8 கிராம். 87 சதவீதம் என்றால் 13 கிராம். அதாவது இரண்டாவது மாதிரியில் காளான் ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்கிறது, மீதி தண்ணீர். இரும்பை உலர் எடைக்கு மாற்றினால் வைக்கோல் காளானில் கிலோவுக்கு 100 மி.கி., கலர் வேஸ்ட் காளானில் 92 மி.கி. கூடியதாகத் தெரிந்த இரும்பு உண்மையில் கொஞ்சம் குறைவு. பொட்டாசியமும் தலைகீழாகிவிட்டது: வைக்கோலில் 2.75 சதவீதம், மற்றதில் 2 சதவீதம்.

ஈரத்தைக் கழித்த பிறகும் கூடுதலாகவே நின்றது தாமிரம் ஒன்றுதான். கிலோவுக்கு 12.5 மி.கி. என்பது 30 மி.கி. ஆகியிருந்தது, இரண்டு மடங்குக்கும் மேல்.

தாமிரம் உடம்புக்கு வேண்டிய சத்துதான். இந்த அளவில் சாப்பிட்டவர்களுக்குப் பொதுவாகக் கெடுதல் வராது. ஆனால் நீலப்பச்சைத் துணி வெளுத்த இடமும் இந்த எண்ணும் ஒரே கதையைச் சொன்னன. படுக்கையில் கிடந்தது காளானுக்குள் போகிறது. தாமிரம் போகிற வழியில் வேறு என்ன போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. காட்மியமும் ஈயமும் இந்த அறிக்கையில் பார்க்கப்படவே இல்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் ஆய்வகமும் பார்க்கவில்லை.

"நிறைந்தது" என்று எப்போது போடலாம்

இரும்பு கூடவில்லை என்று சொன்னதும் மகன், "சரிங்ணா, இருக்கற இரும்பையாவது போட்டுக்கலாமுங்களா?" என்றார். நியாயமான கேள்வி.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகளின்படி, ஒரு தாது உப்பு "நிறைந்தது" என்று சொல்ல, 100 கிராம் திட உணவில் ஒரு நாள் தேவையில் 30 சதவீதம் இருக்க வேண்டும். "உள்ளது" என்று சொல்லவே 15 சதவீதம் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் வெளியிட்ட அளவின்படி இரும்பு ஆண்களுக்கு நாளொன்றுக்கு 19 மி.கி., பெண்களுக்கு 29 மி.கி. ஆண்களின் அளவையே எடுத்தாலும் 15 சதவீதம் என்பது 2.85 மி.கி. நம் காளானில் இருப்பது ஒரு மில்லிகிராம் சுற்றளவு. எந்தப் பச்சைச் சிப்பிக் காளானுக்கும் இந்த வாசகம் சுலபத்தில் பொருந்தாது.

அப்போது அவர் கேட்ட அடுத்த கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. காய வைத்துப் பொடியாக்கி விற்றால் 100 கிராமில் 10 மி.கி. வந்துவிடுமே, 29-இல் 30 சதவீதம் 8.7 தானே என்றார். கணக்கு சரிதான். எண்ணளவில் விதியையும் தாண்டிவிடும். ஆனால் காளான் பொடியை ஒருவர் சூப்பில் ஒரு ஸ்பூன் போடுவார். ஐந்து கிராம் பொடியில் அரை மில்லிகிராம் இரும்பு. இரத்தசோகை உள்ள ஒரு கர்ப்பிணி அந்த வாசகத்தை நம்பி வாங்கினால் அவருக்கு என்ன கிடைக்கும்? இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் மகனைப் பார்த்து, "வேண்டாஞ் சாமி" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்னபேதி போட்டுப் பார்த்தது

படுக்கையிலேயே இரும்பைச் சேர்த்தால் காளானில் ஏறாதா என்பது மகனின் அடுத்த யோசனை. தென்னைக்கும் நிலக்கடலைக்கும் இலை வெளுத்தால் அன்னபேதி (இரும்பு சல்பேட்) தெளிக்கிற ஊரில் அந்த யோசனை வருவது இயல்பு. பத்துப் படுக்கைக்கு மட்டும் செய்து பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். ஊறவைக்கும் தண்ணீரில் அன்னபேதி கரைத்தோம்.

இழை பரவ வழக்கமாக 16, 17 நாள் ஆகும். இதில் 23 நாள் ஆனது. வைக்கோல் துரு நிறத்துக்கு மாறியது. காளானில் இரும்பு உலர் எடைக் கணக்கில் 100-இலிருந்து 112 ஆனது, அவ்வளவுதான். படுக்கையில் போட்டது ஏராளம், ஏறியது துளி.

காரணம் இரும்பின் குணத்தில் இருக்கிறது. அன்னபேதியில் இருக்கிற இரும்பு காற்றும் ஈரமும் பட்டதும் துருவாக மாறிக் கரையாமல் போகும். எங்கள் பகுதி போர்த் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது. அந்தக் காரத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். கரையாத இரும்பை இழையால் உறிஞ்ச முடியாது. செலினியம் போன்ற சில தாதுக்கள் இப்படி இல்லை. படுக்கையில் சேர்த்தால் சிப்பிக் காளானில் மளமளவென்று ஏறும். ஆகவே "படுக்கையில் போட்டால் காளானில் வரும்" என்பது ஒரு தாதுவுக்கு உண்மை, இன்னொன்றுக்கு இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி.

இரண்டாவது சுற்று

ஐப்பசியில் ஒழுங்காக ஒரு சோதனை வைத்தோம். நாலு வகைப் படுக்கை, வகைக்குப் பத்து: கோபி நெல் வைக்கோல், உள்ளூர் மானாவாரிச் சோளத்தட்டு, வைக்கோலோடு பாதி வெள்ளை மில் பஞ்சு, வைக்கோலோடு பாதி கலர் வேஸ்ட். எல்லாவற்றுக்கும் ஒரே விதைத் தொகுதி, ஒரே போர்த் தண்ணீர், ஒரே நாள் கட்டியது. பறிப்பதற்கு 12 மணி நேரம் முன்பே தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினோம். முதல் பறிப்பை மட்டும் எடுத்தோம், ஏனென்றால் பறிப்புக்குப் பறிப்பு படுக்கையில் சத்து குறையும். பத்துப் படுக்கையின் காளானையும் கலந்து, குடையும் தண்டும் சேர்த்து, காய வைத்து அனுப்பினோம். குடையில் பொதுவாகத் தாது கூடுதல், தண்டில் குறைவு. ஒன்றை மட்டும் அனுப்பினால் மறுபடி தப்பான படம் கிடைக்கும்.

உலர் எடையில், கிலோவுக்கு மி.கி. கணக்கில் (பொட்டாசியம் மட்டும் சதவீதத்தில்) வந்த முடிவு இது. இரும்பு நாலு வகையிலும் 85-க்கும் 105-க்கும் நடுவே, வரிசை எதுவும் இல்லாமல் சிதறி இருந்தது. துத்தநாகம் 75 முதல் 95. பொட்டாசியம் வைக்கோலில் 2.8 சதவீதம், சோளத்தட்டில் 2.7, வெள்ளைப் பஞ்சுக் கலப்பில் 2.3, கலர் வேஸ்ட்டில் 2.0. தாமிரம் முதல் மூன்றிலும் 12 முதல் 15, கலர் வேஸ்ட்டில் 31. சோடியம் கலர் வேஸ்ட்டில் தெளிவாகக் கூடுதல்.

வைக்கோலிலும் கலர் வேஸ்ட்டிலும் காட்மியமும் ஈயமும் பார்த்தோம். ஈயம் இரண்டிலும் அளவிடும் எல்லைக்குக் கீழே. காட்மியம் வைக்கோல் காளானில் தெரியவில்லை. கலர் வேஸ்ட் காளானில் உலர் எடை கிலோவுக்கு 0.4 மி.கி. பச்சைக் காளானுக்கு மாற்றினால் சுமார் 0.04. சிப்பிக் காளானுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் வைத்த வரம்பு பச்சை எடையில் கிலோவுக்கு 0.2; 2021-இல் அதை 0.15 ஆகக் குறைத்தது. அந்த வரம்புக்கு வெகு கீழே.

ஏன் இப்படி ஆகிறது

காளானுக்கு வேர் இல்லை, மண் இல்லை. அதன் தாது முழுவதும் படுக்கைப் பொருளிலிருந்தும் அதில் ஊற்றுகிற தண்ணீரிலிருந்தும் வருகிறது. ஆனால் எடுத்துக்கொள்வதில் அது ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

பொட்டாசியத்தை அது எப்படியாவது தேடி எடுத்து நிரப்பிக்கொள்ளும். உயிரணுவுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்க அதற்கு அது வேண்டும். நெற்பயிர் எடுக்கிற பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது, அதனால் வைக்கோல் படுக்கையில் பஞ்சம் இல்லை. பஞ்சு நாரில் சாம்பலே மிகக் குறைவு. சாயப்பட்டறைக்குப் போய்ப் பல தண்ணீரில் அலசப்பட்ட துணியில் இயற்கையான உப்பு எதுவும் மிஞ்சாது. அதற்குப் பதில், ரியாக்டிவ் சாயம் ஏற்ற அள்ளிக் கொட்டுகிற உப்பின் சோடியம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். கலர் வேஸ்ட் காளானில் சோடியம் ஏறியதற்கும் பொட்டாசியம் இறங்கியதற்கும் இதைத்தான் நான் காரணமாகப் பார்க்கிறேன்.

துத்தநாகம், தாமிரம் இரண்டும் அதன் நொதிகளுக்கு வேண்டியவை. ஓரளவு கட்டுப்பாட்டோடு எடுக்கும். கையருகே கரைந்த நிலையில் நிறைய இருந்தால் அந்தக் கட்டுப்பாடு தளரும். காட்மியம் அதற்குத் தேவையே இல்லாத பொருள். ஆனால் வேதியியலில் துத்தநாகத்தின் சாயல் உள்ளதால் அதே கதவு வழியாக உள்ளே போய்விடும், போனது அங்கேயே தங்கும். ஈயம் அவ்வளவு எளிதில் ஏறுவதில்லை.

தயாரிப்பு முறையும் கணக்கில் வரும். வைக்கோலில் உள்ள பொட்டாசியம் பெரும்பாலும் கரையக் கூடியது. ஊறவைத்த தொட்டியில் தேநீர் நிறத்தில் நிற்கிற தண்ணீரில் அதுவும் கரைந்து போகிறது. இவர்கள் அந்தத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிடுகிறார்கள். நல்ல பழக்கம்.

எடுத்த முடிவு

எண்களை வைத்துப் பார்த்தால் கலர் வேஸ்ட் காளானை விற்பதில் தவறு எதுவும் நிரூபணமாகவில்லை. மகன் அதைத்தான் சொன்னார். படுக்கைக்கு 150 கிராம் விளைச்சலை விடுவது அவருக்கு லேசான காரியம் இல்லை. மாதக் கடன் தவணை இருந்தது.

நிறுத்தச் சொன்னேன். சோதித்தது ஒரு லோடு. அடுத்த லோடில் காக்கித் துணி வரும், அதற்கடுத்து பிரிண்ட் போட்ட துணி வரும், ஜிப்பும் உலோகக் கொக்கியும் கலந்து வரும். ஒவ்வொரு லோடுக்கும் உலோகச் சோதனை செய்தால் லாபம் முழுக்க ஆய்வகத்துக்கே போய்விடும். சோதிக்காமல் விட்டால், நேற்று வந்த 0.04 நாளைக்கும் 0.04 ஆகவே இருக்கும் என்று சொல்ல யாராலும் முடியாது. வைக்கோலுக்கு இந்தக் கவலை ஏறக்குறைய இல்லை. எந்த வயல், எந்த வாய்க்கால் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தண்டுக்குள் நூல் வந்ததை எந்த எண்ணாலும் சரிக்கட்டவும் முடியாது.

அம்மா அதற்கு முன்பே முடிவு செய்திருந்தார் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். நூலைப் பார்த்த நாளிலிருந்து அந்தப் படுக்கைக் காளானை அவர் வீட்டில் சமைக்கவில்லை. நாம் சாப்பிடாததை அடுத்தவருக்கு எப்படிக் கொடுப்பது என்பது அவர் கணக்கு. மகன் அதற்கு மேல் வாதாடவில்லை.

2024 தையில், அறுவடை நடக்கும்போதே கோபிக்குப் போய் ஆறு மாதத்துக்கான வைக்கோலை மொத்தமாக வாங்கிப் போர் போட்டார்கள். அதற்கு நகையை வைத்துப் பணம் புரட்ட வேண்டியிருந்தது. கோடைக்குச் சோளத்தட்டும் சேர்த்துக்கொண்டார்கள். சோளத்தட்டுக் காளானின் தாது வைக்கோல் காளானுக்கு நிகராக இருந்தது எங்களுக்குத் துணிச்சல் கொடுத்தது. தட்டு தடிமன் என்பதால் இன்னும் சிறிதாக நறுக்கி, ஊறவைக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. வெள்ளைப் பஞ்சை இப்போதும் கால் பங்கு வரை சேர்க்கிறார்கள், வாங்குகிற மில் எது என்று தெரிந்தால் மட்டும்.

கோவை அங்காடிக்காரர் இரும்பு வாசகம் இல்லாமல் எடுக்க மறுத்துவிட்டார். அந்த 40 கிலோ போயிற்று. வேறு இரண்டு கடைகளில் சேர்த்து வாரம் 25 கிலோ போகிறது. பாக்கெட்டில் பறித்த தேதி, எடை, "நெல் வைக்கோலிலும் சோளத்தட்டிலும் வளர்த்தது" என்ற வரி, இவ்வளவுதான் இருக்கிறது.

ஒரு வாடிக்கையாளர் கேட்டது

அந்த அறிக்கை நாங்கள் நினைக்காத ஓர் இடத்தில் பயன்பட்டது. வாரம் தவறாமல் வாங்குகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறு. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியிருந்தார். வாழைப்பழத்தையும் இளநீரையும் விட்டுவிட்டேன், காளான் சாப்பிடலாமா என்று கேட்டார். இரண்டு அறிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் 200 கிராம் பாக்கெட்டில் சுமார் 450 முதல் 550 மி.கி. பொட்டாசியம். அதை எழுதிக் கொடுத்து, மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். மருத்துவர் மாதம் இரண்டு முறை, அதுவும் நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கலாம் என்று அனுமதித்ததாக வந்து சொன்னார். வைக்கோலில் இருந்து தண்ணீருக்கு இறங்குகிற மாதிரியேதான் காளானில் இருந்தும் பொட்டாசியம் இறங்கும்.

வைக்கோலுக்கு மாறியதால் அவருடைய பாக்கெட்டில் பொட்டாசியம் கூடியிருக்கிறது என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

படுக்கைப் பொருளை மாற்றும்போது நான் முதலில் கேட்க வேண்டியது, அது இதற்கு முன் என்னவாக இருந்தது, எந்தத் தண்ணீரில் நனைந்தது என்பதை. விளைச்சல் வருமா என்பது இரண்டாவது கேள்வி. வரிசையை மாற்றிப் போட்டது என் தவறு. அதனால் இரண்டு மாதம், சுமார் 500 படுக்கைக் காளான் கலர் வேஸ்ட்டில் விளைந்து சந்தைக்குப் போனது.

ஆய்வகத்துக்கு மாதிரி கொடுக்கும்போது உலர் எடையில் முடிவு கேட்க வேண்டும். காட்மியமும் ஈயமும் முதல் அறிக்கையிலேயே இருக்க வேண்டும். சத்துகளைப் பார்ப்பது அதற்கு அப்புறம். லோடு வந்த தேதியும் எந்த லோடு எந்தப் படுக்கைக்குப் போனது என்பதும் நோட்டில் இருந்திருந்தால், நூல் வந்த அன்றே அந்தப் படுக்கைகளைத் தனியாகப் பிரித்திருக்கலாம். இப்போது அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். படுக்கைக் கயிற்றில் எண் எழுதிய அட்டை தொங்குகிறது. தண்ணீரையும் ஒரு முறை சோதித்தோம். கடினத்தன்மை அதிகம், உலோகம் எதுவும் இல்லை.

ஒரு விஷயம் இன்னும் மீதி இருக்கிறது. அறுவடை முடிந்த கலர் வேஸ்ட் படுக்கைகளை, வைக்கோல் படுக்கையைப் போல நினைத்து, வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் கீரையும் போட்ட பாத்தியில் கொட்டியிருந்தார்கள். முடிந்தவரை வாரி எடுத்தோம். துணித் துண்டு வந்துவிட்டது, மட்கி மண்ணோடு கலந்ததை எடுக்க முடியவில்லை. அந்தப் பாத்தியில் இப்போது கீரை போடவில்லை, செவ்வந்தி நட்டிருக்கிறார்கள். மண் மாதிரி நாலு இடத்தில் எடுத்து, கலந்து, நிழலில் காய வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் ஆய்வகத்துக்குப் போகிறது.